போலந்து வீரர் குபா ஊர் திரும்பியது இறக்கமா?

பல்லடத்துக்காரன்:
வணக்கம். எங்கள் அண்ணன் மகன் கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் கால்பந்தில் வலது விங்கராக (வலது ஓரத்தில் முன்னேறித் தாக்கும் வீரராக) ஆடுகிறான். "வெளிநாட்டில் ஆடிய ஒருவன் சொந்த ஊர் அணிக்குத் திரும்புகிறான் என்றால் அவனுக்குச் சந்தை முடிந்துவிட்டது என்று அர்த்தம், சித்தப்பா" என்று போன வாரம் சொன்னான். நான் போலந்தின் யாக்குப் பிளாஷ்சிகோவ்ஸ்கியை, அதாவது குபாவை, எடுத்துக்காட்டினேன். "அவர் வந்த பிறகுதானே அந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டான். எனக்கு அவர் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் ஆடிய காலம் மட்டுமே தெரியும் என்பதால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் போலந்தில் ஆடியதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நேரு ஸ்டேடியம் கிழக்கு கேலரி:
அவர் 1985 இல் செஸ்டோஹோவா நகருக்கு அருகிலுள்ள துருஸ்கோலாஸி என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்து வயதில் தாயைப் பறிகொடுத்து, பாட்டியிடம் வளர்ந்தார். கால்பந்தை விட்டுவிட இருந்த பிள்ளையை மைதானத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் தாய்மாமன் யெர்ஷி பிஷென்செக். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற போலந்து அணியின் கேப்டன் அவர்தான். நம் பக்கத்தில் மாமன் முறைக்கு இருக்கும் கடமையை அங்கும் ஒருவர் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் பிரிவு அணி ஒன்றிலிருந்து 2005 இல் நேராகப் போலந்தின் முதல் பிரிவுக் கிளப்பான விஸ்வா கிராக்கோவுக்கு வந்து, அதே பருவத்தில் லீக் பட்டம் வென்றார். (விஸ்லா என்று பலரும் எழுதுகிறார்கள்; குறுக்குக்கோடு போட்ட அந்தப் போலிஷ் எழுத்துக்கு வகர ஒலிதான்.) 2007 இல் டார்ட்மண்ட் போனார். பெயர் நீளம் என்பதால் சட்டையில் 'குபா' என்றே போட்டுக்கொண்டார். வலப்பக்கம் பின்னால் பிஷ்செக், முன்னால் லெவண்டோவ்ஸ்கி, நடுவில் இவர் என்று மூன்று போலந்துக்காரர்கள் சேர்ந்து ஆடிய அணி 2011, 2012 ஜெர்மன் லீக் பட்டங்களை வென்றது. 2013 இல் ஐரோப்பியக் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது. 2014 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்த பிறகு அந்த வேகம் முழுதாகத் திரும்பவில்லை. இத்தாலியின் ஃபியோரென்டினாவில் ஒரு பருவமும் ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்கில் இரண்டரை ஆண்டுகளும் கழிந்தன.

ஈரோடு நூல்வியாபாரி:
பையன் சொன்னது பாதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வூல்ஃப்ஸ்பர்கில் கடைசி அரைப் பருவத்தில் அவருக்கு ஆட வாய்ப்பே அரிது, வயது 33. சந்தை குறைந்துதான் இருந்தது. ஆனால் சந்தை குறைந்தவர்கள் வழக்கமாகப் பணம் கிடைக்கும் இடத்துக்குப் போவார்கள். இவர் பணம் கொண்டுபோய்ப் போட வேண்டிய இடத்துக்கு, தன் பழைய விஸ்வாவுக்கே, போனார்.

2019 தொடக்கத்தில் விஸ்வா வீரர்களுக்குப் பல மாதச் சம்பளப் பாக்கி. கிளப்பை வாங்குவதாக வந்தவர்களின் பணம் வந்து சேரவேயில்லை. விளையாடும் உரிமமே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. குபாவும் வேறு இருவரும் சேர்ந்து 40 லட்சம் ஸ்வாட்டி (போலந்து நாணயம்) கடன் கொடுத்தார்கள். அவர் வாங்கியது மாதம் 500 ஸ்வாட்டி, அதாவது அன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதுவும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுக்கப் போய்விட்டது. மூழ்கும் தறிப்பட்டறைக்குப் பணம் போட்ட பங்காளி, அதே பட்டறையில் இரவு ஷிப்டுக்கும் நின்றால் எப்படியோ, அப்படி.

2022 இல் அணி இறங்கியது உண்மை. முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் அவரால் ஆட முடியவில்லை. ஆனால் அப்போது அவர் கிளப்பின் உரிமையாளர்களிலும் ஒருவர், கடைசி மாதங்களில் பயிற்சியாளராக இருந்தவர் அதே தாய்மாமன். ஆகவே பொறுப்பிலிருந்து அவரை முழுதாக விடுவிக்க நான் தயாரில்லை.

பல்லடத்துக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. மாமனே பயிற்சியாளராக இருந்தார் என்பது எனக்குப் புதிது. பையனுக்கு அவருடைய ஒரே ஓர் ஆட்டத்தைக் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

நேரு ஸ்டேடியம் கிழக்கு கேலரி:
2012 ஜூன் 12, வார்சாவில் ரஷ்யாவுடன் ஆடிய யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஆட்டம். போலந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தது, கேப்டன் குபா. 57 ஆவது நிமிடத்தில் வலப்பக்கம் பந்தை வாங்கி, ஓரமாகவே ஓடாமல் உள்ளே வெட்டித் திரும்பி, பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து இடது காலால் தூர மூலைக்கு அடித்தார். வலது விங்கர் என்கிறீர்கள்; இடது காலை எப்போது எடுக்கிறார் என்று மட்டும் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.