பிஸ்பைரிபேக் அடித்தும் புல் சாகவில்லை, அவசரம்

சேற்றுக்கால்:
நெல்லில் பிஸ்பைரிபேக் களைக்கொல்லி அடித்தேன். கோரை கருகிவிட்டது, அகன்ற இலைக் களையும் போச்சு. புல் மட்டும் பச்சையாக நிற்கிறது, தூர் வேறு கட்டுகிறது. அளவைக் கூட்டி இன்னொரு தடவை அடிக்கலாமா?

வரப்போரம்:
நடவா, நேரடி விதைப்பா? எத்தனை நாள் பயிர்? அடிக்கும்போது புல்லுக்கு எத்தனை இலை? ஏக்கருக்கு எவ்வளவு?

பழுத்தகதிர் (மூத்த உறுப்பினர்):
இதற்கு எத்தனை இழையில்தான் எழுதுவது! தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. குதிரைவாலிப்புல்லுக்கு மருந்து பழகிவிட்டது தம்பி. எதிர்ப்புத்திறன். அவ்வளவுதான்.

மடைத்தண்ணி:
மருந்தைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர்தான் காரணம். வடித்துவிட்டு அடிக்க வேண்டும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பக் கட்ட வேண்டும். கட்டினீர்களா?

நாற்றங்கால்:
அது குதிரைவாலிதான் என்று யார் சொன்னது? இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் இலைநாக்கு என்ற சவ்வும் காதுமடல் என்ற பக்கவாட்டு மடிப்பும் உண்டு, குதிரைவாலியில் இரண்டும் கிடையாது. நுனி கிழிந்த மாதிரி ஒரு மெல்லிய சவ்வு தெரிந்தால் லெப்டோக்ளோவா என்ற வேறு புல்லாக இருக்கலாம். அதற்கு பிஸ்பைரிபேக் சரியாகக் கேட்காது, பினாக்சுலம் என்ற களைக்கொல்லியும் அப்படித்தான். அளவைக் கூட்டினால் அடி வாங்குவது நெல்தான்.

சேற்றுக்கால்:
சவ்வு இருக்கிறது, கிழிந்துதான் தெரிகிறது. நேரடி விதைப்பு, 30 நாள். 100 மில்லி. தண்ணீர் கட்டினேன், மேட்டுப் பக்கம் நிற்கவில்லை. புல் அங்கேதான் அதிகம்.

மடைத்தண்ணி:
சொன்னேனா இல்லையா!

பழுத்தகதிர்:
எதிர்ப்புத்திறனும் சேர்ந்திருக்கலாம்.

நாற்றங்கால்:
இல்லை சார். முன்பு செத்துக்கொண்டிருந்த களை பிழைத்தால்தான் அது எதிர்ப்பு. இது முதலிலிருந்தே அந்த மருந்துக்கு அடங்காத புல்.
சேற்றுக்கால், இதன் விதை மிகப் பொடி. ஈர மண்ணின் மேல்பரப்பில் முளைக்கும், நின்ற தண்ணீருக்கடியில் முளைப்பது கஷ்டம். மேட்டில் மண்டியது அதனால்தான். சைஹாலோஃபாப் பியூட்டைல் என்ற புல்கொல்லிக்குக் கேட்கும், ஆனால் 2–4 இலையில் அடித்தால்தான் முழுப் பலன். அதோடு அகன்ற இலைக் களைக்கான 2,4-டி மருந்தைக் கலக்காதீர்கள், புல்லின் மீதான வேகம் குறையும். தூர் கட்டியதைப் பூக்கும் முன் பிடுங்கி வெளியே போடுங்கள். வயலிலேயே விட்டால் கணுவில் வேர் விட்டுவிடும்.

பழுத்தகதிர்:
வரிசை நடவு செய்து கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை ஓட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வரப்போரம்:
நடவுக்கு ஆள் கிடைத்தால் அவர் ஏன் சார் நேரடியாக விதைக்கிறார்?

பழுத்தகதிர்:
டிரம் சீடரில் விதைத்தாலும் வரிசை வரும். கற்றுக்கொள்ள மனம் வேண்டும்.

மடைத்தண்ணி:
வரிசை வரும். செடியோடு ஒட்டி முளைத்த புல்லை எந்த வீடர் எடுக்கும்? முதலில் நிலத்தைச் சமப்படுத்தச் சொல்லுங்கள்.

வரப்போரம்:
இருவரும் தனி இழை தொடங்குங்களேன்.

சேற்றுக்கால்:
மேட்டில் ஆள் விட்டுப் பிடுங்கியாச்சு. பொடிப் புல்லுக்கு சைஹாலோஃபாப் அடித்திருக்கிறேன். நன்றி.

களத்துமேடு:
எனக்கும் இதே புல். சைஹாலோஃபாப் கேட்டதா அண்ணா?