மெஸ்ஸில் சாம்பிள் எடுத்தாங்க, இப்போ மேம்பாட்டு நோட்டீஸும் வந்திருக்கு: என்ன செய்யணும்?

கேள்வி (மெஸ்_புதுசு)

40 பேர் உட்காரும் அசைவ மெஸ். போன வாரம் உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து சிக்கன் 65 சாம்பிள் எடுத்தார். இன்னைக்கு மாவட்ட நியமன அலுவலர் கையெழுத்தோட மேம்பாட்டு நோட்டீஸ். தண்ணீர்த் தொட்டி, ஆட்களோட மருத்துவச் சான்று, கறுத்த எண்ணெய்னு மூணு குறை எழுதியிருக்கு. கெடு 14 நாள். கடையை மூடுவாங்களா? மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் போன மாசம்தான் பார்த்துட்டுப் போனார், அது கணக்கில் வராதா?

பதில் 1 (சட்டப்பிரிவு)

வராது. மாநகராட்சி தருவது தொழில் உரிமம். எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவு பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிமம் 2006 உணவு பாதுகாப்புச் சட்டத்தின்படி வருவது. துறையும் வேறு, அதிகாரியும் வேறு. ஒருத்தர் சரின்னு சொன்னது இன்னொருத்தரைக் கட்டுப்படுத்தாது.

நோட்டீஸ் பிரிவு 32-ன் கீழ் வந்தது. அதுல 14 நாளுக்குக் குறைவா கெடு கொடுக்க முடியாது, உங்களுக்கு வந்திருப்பது குறைந்தபட்சம். கெடு தாண்டினா உரிமம் நிறுத்தி வைப்பாங்க, அப்பவும் சரி செய்யலன்னா ரத்து. பொதுவா நேரா பூட்டு விழாது. நோட்டீஸ் தப்புன்னு நினைச்சா உணவு பாதுகாப்பு ஆணையர்கிட்ட மேல்முறையீடு போகலாம், 15 நாள் அல்லது நோட்டீஸ் கெடு, எது முன்னாடி முடியுதோ அதுக்குள்ள.

சாம்பிள் தனிக்கதை. அதை நாலு பாகமாப் பிரிச்சு சீல் வைப்பாங்க. ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, ரெண்டு பாகம் நியமன அலுவலர்கிட்ட இருக்கும். நாலாவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கடைக்காரர் கேட்கலாம், செலவு கடைக்காரருடையது. ரெண்டு அறிக்கையும் முரண்பட்டா மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும், அதன் முடிவே இறுதி. நாலாவது பாகத்தை அனுப்பச் சொல்லி சாம்பிள் எடுக்கும்போதே எழுத்துல கேட்கணும். பத்துல ஒன்பது பேர் பதற்றத்துல 5ஏ படிவத்துல (சாம்பிள் எடுக்கும்போது கடைக்காரருக்குத் தரும் நோட்டீஸ்) கையெழுத்துப் போட்டுட்டு விட்டுடுறாங்க. நீங்களும் கேட்கலைன்னா, அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நியமன அலுவலர்கிட்ட மேல்முறையீடு செய்யும் வழி இன்னும் இருக்கு. அறிக்கை வந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, தேதிக்கு அதான் சாட்சி.

பதில் 2 (தண்ணி_டெஸ்ட்)

தொட்டியை முதல்ல முடிங்க, தண்ணிப் பரிசோதனை அறிக்கை வர நாளாகும். காலி பண்ணி அடிவண்டலை அள்ளி, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். 1000 லிட்டர் தொட்டின்னா 150 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில கரைச்சு, கட்டி அடியில தங்கினதும் மேல் தெளிவை மட்டும் ஊத்தி, தொட்டியை நிரப்பி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில அந்தத் தண்ணி முழுசையும் வெளியேத்திட்டு ரெண்டு தடவை அலசுங்க. பிரிச்சு வச்ச பழைய பவுடர் வேலைக்காகாது, வீரியம் போயிருக்கும்.

ரொம்பப் பேர் கோட்டை விடுறது பாட்டில்ல. காலி மினரல் வாட்டர் பாட்டில்ல பிடிச்சா கிருமிச் சோதனை தேறாது, தொட்டி சுத்தமா இருந்தாலும். ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டில்ல, சமையலுக்குப் பிடிக்கிற குழாயிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டியில அன்னைக்கே சேர்த்துடுங்க. லாரித் தண்ணி வாங்கினா லோடு பில்லையும் ஃபைல்ல வைங்க.

மருத்துவச் சான்று வருஷத்துக்கு ஒருமுறை, டைபாய்டு தடுப்பூசி விவரத்தோட. சப்ளையர், மாஸ்டர் மட்டும் போதாது. பாத்திரம் கழுவுறவங்க, காய் நறுக்குறவங்களுக்கும் வேணும். 25 ஆளுக்கு ஒருத்தர் ஃபாஸ்டாக்ங்கிற உணவு பாதுகாப்புப் பயிற்சி முடிச்சிருக்கணும் (டோல்கேட் ஃபாஸ்டேக் இல்லைங்க!).

மெஸ்_புதுசு

நன்றி சார். 65-க்குக் கலர் பவுடர் போடுறோம். பாக்கெட்டுல 14 இலக்க உரிம எண் இருக்கே, பிரச்சினை வருமா?

பதில் 3 (கொத்து_பரோட்டா)

வரும், அண்ணே. பாக்கெட் சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா சிக்கன் 65-லயும் பிரியாணியிலயும் செயற்கைக் கலருக்கு அனுமதியே இல்லை. இனிப்பு மாதிரி சிலதுக்குத்தான் உண்டு, அதுலயும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும்தான். அறிக்கையில 'தரம் குறைந்தது'ன்னு வந்தா மாவட்ட வருவாய் அலுவலர் முன்னாடி விசாரணை, அபராதம். 'பாதுகாப்பற்றது'ன்னு வந்தா கோர்ட்டுல கேஸ். கலரை இன்னைக்கே நிறுத்துங்க. காஷ்மீரி மிளகாயை ஊற வச்சு அரைச்சுப் போட்டா நிறம் வரும். மிளகாயைத் தூளா வாங்கினா விக்கிறவரோட உரிம எண் போட்ட பில் வாங்குங்க.

பதில் 4 (எண்ணெய்ச்சட்டி)

எண்ணெய் கறுக்குறது பாதி மாவுத்தூளால. உதிர்ந்த மசாலா அடியில கருகி, அந்தக் கரி அடுத்த ஈடையும் கெடுக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் அரிகரண்டியால அள்ளுங்க, ராத்திரி துணியில வடிகட்டுங்க. உப்பும் ஈரமும் சேர்ந்த கறியை நேரா போட்டா இன்னும் சீக்கிரம் கெடும். பழசுமேல புதுசை ஊத்தி ஓட்டுறதும் தப்பு.

சட்ட வரம்பு, மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேருற கெட்ட பொருட்கள்) 25 சதவீதம். அதிகாரி மீட்டரை முக்கினா அதுதான் காட்டும். நுரை அடங்காம ஏறினா, புகை சீக்கிரம் வந்தா, மீட்டர் இல்லாமலே மாத்திடலாம். பழசைச் சாக்கடையில கொட்டாதீங்க, தள்ளுவண்டிக்கும் விக்காதீங்க. பயோடீசலுக்கு வாங்குற அங்கீகாரம் பெற்ற ஆட்கள்கிட்ட கொடுத்து ரசீது வாங்குங்க. அந்த ரசீது, தொட்டி கழுவின தேதியோட போட்டோ, தண்ணி அறிக்கை, சான்று நகல் எல்லாத்தையும் பதில் கடிதத்தோட பன்னிரண்டாம் நாளே கொடுத்து, உங்க நகல்ல அலுவலக முத்திரை வாங்கிடுங்க. தண்ணி அறிக்கை அதுக்குள்ள வரலைன்னா ஆய்வகப் பண ரசீதை இணைச்சு அவகாசம் கேளுங்க.