புதுப்பிப்பு: பாய்லர் ஓடினால் ஆர்.சி.சி.பி. விழுந்த கோளாறு தீர்ந்தது

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) ட்ரிப் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘உள்ளே இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது.

மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியன் பாய்லருக்குள் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பின் கனெக்டரைப் பிரித்தார். அப்புறம் ட்ரிப் ஆகவில்லை. மல்டிமீட்டர் பம்ப் பக்கம் எதையும் காட்டவில்லை; அது கொடுப்பது சில வோல்ட்தானே. மெகர் (அதிக வோல்ட்டில் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் பார்த்தபோதுதான் எர்த் கசிவு பிடிபட்டது. மெகாஓமில் வரவேண்டிய மின்காப்புத் தடை சில கிலோஓமில் நின்றது.

எதிர்பாராதது இதுதான்: பம்ப் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேலே உள்ள காற்றுப்போக்கி வால்வு (குழாயில் சேரும் காற்றை வெளியேற்றுவது) சூடேறும்போது மட்டும் கனெக்டர் மேல் சொட்டியிருக்கிறது. கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. வால்வு, கனெக்டர் இரண்டையும் மாற்றியாயிற்று. பம்பை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் நனைந்திருக்கும்.