ஒரே நீளத்தை இரண்டு முறை படித்த என் டிரைவர்: உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்

டேட்டா அக்விசிஷன் கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்க கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், ஓடும் ப்ரோகிராம்) எழுதிய காலம். யூசர் ப்ரோகிராம், டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐ.ஓ.சி.டி.எல் அழைப்பு வழியாக ஒரு ஹெடரையும் (முன்குறிப்பு) அதற்குப் பின்னால் டேட்டாவையும் அனுப்பும். நீளம் ஹெடரில் இருக்கும். முதலில் அந்த நீளத்தை மட்டும், யூசர் மெமரியிலிருந்து ஒரு எண்ணைப் படிக்கும் கெட்-யூசரில் எடுத்து, 4096க்கு மேல் இருந்தால் ஈ-இன்வால் என்ற பிழையைத் திருப்பினேன். இல்லையென்றால் கேமாலாக்கில் அந்த அளவுக்கு கெர்னல் மெமரி வாங்கினேன். அப்புறம் ஹெடர், டேட்டா இரண்டையும் சேர்த்து யூசர் மெமரியிலிருந்து அதற்குள் எடுக்க ஒரு காப்பி-ஃப்ரம்-யூசர். அதன் பிறகு வரும் லூப், இப்படிக் காப்பியாகி வந்த ஹெடரில் உள்ள நீளத்தைப் பார்த்து ஓடும்.

ரிவ்யூவில் இரண்டு பேர் பார்த்தார்கள். சோதனை கண்ணெதிரே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாடிக்கையாளர் இடத்தில் நாலைந்து நாளைக்கு ஒரு முறை மெஷின் பேனிக் ஆகி நின்றது. எங்கள் மேசையில் ஒரு தடவைகூட ஆகவில்லை. கடைசியில் அவர்களுடைய ப்ரோகிராமையே வாங்கி, மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் போட்ட கெர்னலில் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் ஸ்லாப்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ் (வாங்கிய மெமரியின் எல்லை தாண்டல்) என்று அந்த லூப்பைக் காட்டியது. அங்கே நீளம் 4096க்கு மேல்! சோதனையைத் தாண்டி அது எப்படி உள்ளே வந்தது என்று ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அந்த ப்ரோகிராமில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட். ஒன்றின் அழைப்பு முடிவதற்குள் இன்னொன்று அதே பஃபரில் வேறொன்றை எழுதிவிடுகிறது. என் முதல் படிப்புக்கும் இரண்டாவது படிப்புக்கும் நடுவில் நீளம் மாறிவிட்டது. நான் சோதித்தது ஒரு எண், பயன்படுத்தியது வேறு எண். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்பவன் கையில் கிடைத்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு டபுள் ஃபெட்ச் என்று பெயர். லினக்ஸ் கெர்னலில், ஃபைல்களில் ஒரே மாதிரி இருக்கும் தரவைப் பகிரவைக்கும் டீடியூப் ஐ.ஓ.சி.டி.எல்லில் 4.7 பதிப்பு வரை இதே ஓட்டை இருந்து, 2016இல் வெளியே வந்தது. அங்கும் ஒரு எண்ணிக்கையை இரண்டு தடவை படித்ததுதான் காரணம். இப்போது நான் ஹெடரை ஒரே ஒரு முறை கெர்னலுக்குள் எடுத்து, அந்தக் காப்பியைத்தான் சோதிப்பேன். டேட்டாவைத் தனியாக எடுப்பேன். யூசர் பக்கத்து ஹெடரை மறுபடி தொடவே மாட்டேன்.

* * *

நீங்கள் கேட்டதால் நானும் எழுதுகிறேன், எனக்கு நடந்தது பெருக்கலில். ரெக்கார்டு ஒன்று 16 பைட், எத்தனை ரெக்கார்டு என்பது யூசர் தரும் 32 பிட் எண். பூஜ்யமா என்று மட்டும் பார்த்துவிட்டு இரண்டையும் பெருக்கி மெமரி கேட்டிருந்தேன். தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் ஃபஸ்ஸர் 26,84,35,457 என்று ஒன்றைக் கொடுத்தது. 16ஆல் பெருக்கினால் 32 பிட்டைத் தாண்டி மிஞ்சுவது வெறும் 16. ஒரு ரெக்கார்டுக்கு இடம் வாங்கிவிட்டு 26 கோடிக்கு எழுதப் போனது என் லூப். கேமாலாக்-அர்ரே இந்தப் பெருக்கலைத் தானே சோதித்து, வழிந்தால் மெமரி தராமல் NULL (வெற்று முகவரி) திருப்பிவிடும். மேல்வரம்பு வைக்கும் வேலை மட்டும் நம்முடையதுதான். அந்த கார்டால் 1024க்கு மேல் எடுக்கவே முடியாது, அதையே வரம்பாக வைத்தேன்.

* * *

இரண்டு பேரும் உள்ளே வருவதைச் சொன்னீர்கள். நான் மாட்டிக்கொண்டது வெளியே போவதில். யூசருக்குத் தரும் ஸ்டேட்டஸ் ஸ்ட்ரக்டில் (பல ஃபீல்டுகளின் தொகுப்பு) முதலில் ஒரு பைட், அடுத்து 64 பிட் எண். 64 பிட் மெஷினில் நடுவே கம்பைலர் விடும் காலி இடமாக 7 பைட் பேடிங். இரண்டு ஃபீல்டையும் ஒழுங்காக நிரப்பி காப்பி-டு-யூசர் செய்தேன். அந்த 7 பைட்டில் கெர்னல் ஸ்டேக்கில் கிடந்த பழைய தரவு ஒவ்வொரு அழைப்பிலும் வெளியே போய்க்கொண்டிருந்தது. பேனிக் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. வேறொரு வேலையாக ஹெக்ஸ் டம்ப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, அதற்குள் இரண்டு ரிலீஸ் போயிருந்தது. ஸ்ட்ரக்டை முதலிலேயே முழுக்கப் பூஜ்யமாக்கும் மெம்செட் ஒரு வரி சேர்த்தேன். பிறகு எங்கள் டிரைவர்கள் எல்லாவற்றிலும் காப்பி-டு-யூசர் வரும் இடங்களைத் தேடினேன், இன்னும் நான்கு கிடைத்தன.