கொடைக்கானல்: 6, 9 வயதுப் பிள்ளைகளோடு நடக்க எந்தப் பாதை?

கரூர்க்காரன்
காலாண்டு லீவில், செப்டம்பர் கடைசியில், 3 நாள் கொடைக்கானல் போகிறோம். மகளுக்கு 9, மகனுக்கு 6. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி லேசாக உண்டு. வேனில் ஏறி இறங்கி ‘பாயிண்ட்’ பார்க்கிற சுற்று வேண்டாம். தினமும் ஒரு நடை போதும், காட்டையும் புல்வெளியையும் நடந்தே பார்க்கணும். டால்பின் நோஸ் பாறைவரை நடப்பது சின்னவனுக்கு ஒத்துவருமா? மன்னவனூர் அவ்வளவு தூரம் போகலாமா? பேரிஜம் ஏரிப் பக்கம் நடக்க விடுவார்களா? அட்டை, காட்டுமாடு பற்றியும் சொல்லுங்கள்.

மேல்மலை
டால்பின் நோஸில் தூரம் பிரச்சினையே இல்லை. வட்டக்கானலில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான். சிக்கல் என்னவென்றால், அது முதலில் இறங்குகிற பாதை. பிள்ளைகள் தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். சாதாரண மலையேற்றத்தில் கால் வலித்தால் திரும்பிவிடலாம், திரும்பினால் இறக்கம். இங்கே கால் வலிக்கத் தொடங்கும் இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. ஆறு வயதுப் பையனை அங்கிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஏறும் அப்பாக்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் வரிசையாகப் பார்க்கலாம்.

கணக்கு இப்படி வையுங்கள். கையில் உள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க, இரண்டு பங்கு ஏற. 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு மேலே வந்து சேர வேண்டும் என்றால், எங்கே நின்றாலும் சரி, 9 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பாறை தெரியவில்லையே என்று இன்னும் பத்து நிமிடம் இறங்கினால் அது ஏற்றத்தில் இருபது நிமிடம்.

வீடுகளும் பெட்டிக்கடைகளும் முடிந்த பிறகு மரவேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே கிடக்கும். மழை பெய்திருந்தால் வேரின் மேல் கால் வைக்கக் கூடாது, தோல் உரிந்த வேர் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். இரண்டு வேருக்கு நடுவே மண்ணில் மிதிக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது பெரியவர் ஒருவர் பையனுக்கு ஒரு அடி கீழே, பக்கவாட்டில் நிற்கணும். மேலே நின்று கையைப் பிடித்து இழுத்தால் அவன் பின்னால் சாய்வான், கால் வாரிவிடும்.

பாறை நுனிக்குப் பிள்ளைகள் போகவே வேண்டாம். காட்சி பத்தடி பின்னால் நின்றாலும் அதேதான். அதற்குக் கீழே வெள்ளகவி பக்கம் இறங்கும் பாதை இந்த வயதுக்கு இல்லை. அம்மா வட்டக்கானல் கடையிலேயே டீ குடிக்கட்டும். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி.

பூண்டுக்காடு
மன்னவனூருக்குக் கட்டாயம் போங்க. கொடையிலிருந்து 35 கிலோமீட்டர் போல, ஆனா வளைவு ஜாஸ்தி, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வாந்தி எடுக்கிற பிள்ளைன்னா கிளம்பும்போது பால் கொடுக்காதீங்க. இட்லி ரெண்டு போதும், முன் சீட், கண்ணாடி கொஞ்சம் இறக்கி, செல்போன் கையில கூடாது. பாதி வழியில பூம்பாறை வரும். குழந்தை வேலப்பர் கோயில்ல ஒரு அரை மணி நேரம் நிறுத்துனா வயிறு அடங்கிரும். அடுக்கடுக்கா இருக்கிற வயல்ல மலைப்பூண்டும் பார்க்கலாம். 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டு அது.

மன்னவனூர்ல வனத்துறை சூழல் சுற்றுலா இடத்துக்குள்ள டிக்கெட் எடுத்துட்டு ஏரிவரைக்கும் புல்வெளியில நடக்கலாம். சரிவு லேசுதான், அம்மாவும் வரலாம். பிள்ளைங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே ஓடும். பெத்தவங்களுக்கு நிம்மதியான நடை இந்த மலையில அது ஒண்ணுதான்னு நான் சொல்லுவேன். பரிசலும் உண்டு. பக்கத்துல மத்திய அரசோட செம்மறியாடு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு.

குறைன்னா நிழலே கிடையாது. குளிர்காத்து அடிக்கிறதால வெயில் உறைக்காது, சாயங்காலம் பார்த்தா மூக்கும் காது நுனியும் சிவந்து தோல் உரியும். சுத்தி விளிம்பு உள்ள தொப்பி போடுங்க, கிரிக்கெட் தொப்பி காதை மறைக்காது.

செப்டம்பர் கடைசின்னா மதியத்துக்கு மேல இடி மழை வழக்கம். மின்னல் பார்த்து 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். உடனே வண்டிக்குள்ள போயிருங்க. புல்வெளியில தனியா நிக்கிற மரத்தடிதான் ரொம்ப மோசமான இடம்.

சோலைக்குருவி
பேரிஜம் நடைக்கான இடம் இல்லை. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கி வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. யானை வந்திருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள், அதனால் அதை நம்பி நாள் ஒதுக்காதீர்கள்.

காட்டுக்குள் முறையாக நடக்க ஆசை என்றால், தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளைப் பாருங்கள். இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. 10 வயதுக்குக் கீழே என்றால் எளிய பாதைகள் மட்டும், அதுவும் பெற்றோரோடு. விடுதியில் ‘தெரிந்த பையன் கூட்டிப்போவான்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2018 மார்ச் 11 குரங்கணி தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் இந்த விதிகள் இறுகின. காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும், மேலே ஓடுகிறவரை அது எட்டிப்பிடித்துவிடும். செப்டம்பரில் புல் பச்சையாக இருக்கும், அந்தப் பயம் இல்லை. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை பிள்ளைகளோடு புல்மேடு ஏறும் யோசனையே வேண்டாம்.

மகளுக்கு ஒரு விளையாட்டு சொல்கிறேன். பைன் தோப்பில் நின்று கீழே என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஊசியிலை மெத்தை மட்டும்தான் இருக்கும், ஒரு கை விரலுக்கு மேல் தேறாது. பிறகு பாம்பார் பக்கம் சாலையோரச் சோலை விளிம்பில் அதே எண்ணிக்கை. குட்டையும் கோணலுமான மரம், பாசி, பெரணி, மரத்தின் மேலேயே இன்னொரு செடி என்று எண்ணி மாளாது. ஒன்று நட்ட காடு, இன்னொன்று தானாக வந்த காடு. குறிஞ்சி கேட்டால் 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

கரூர்க்காரன்
ரொம்ப நன்றி. அப்போ டால்பின் நோஸ் பாதிவரைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அட்டைக்கு என்ன செய்வது? ஸ்கூல் கேன்வாஸ் ஷூ போதுமா?

மேல்மலை
கேன்வாஸ் ஷூ ஏரியைச் சுற்ற மட்டும் போதும். சரிவுக்கு அடியில் பல் பல்லாக உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ. புதிதாக வாங்கினால் பத்து நாளாவது வீட்டில் போட்டுப் பழக்குங்கள், இல்லையென்றால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம். கிளம்பும் முன்னால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டுவதால்தான் பிள்ளைகள் ‘ஷூ கடிக்குது’ என்று அழும். இறங்கத் தொடங்கும்போது குதிகாலைப் பின்னால் தள்ளிக்கொண்டு கணுக்கால் பக்கத்துக் கயிற்றை மட்டும் இறுக்கிக் கட்டினால் முட்டாது.

அட்டை அந்த மாதத்தில் சோலையோரம் நிச்சயம் இருக்கும். பேண்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்புக் கரைசலோ புகையிலைத் தண்ணீரோ தடவுங்கள். மழையில் கரைந்துவிடும், மறுபடி தடவணும். ஈர இலை மேல் நின்று போட்டோ எடுக்காதீர்கள், நிற்கிற காலில்தான் ஏறும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், நகத்தை வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும். பையன் பயப்படுவது அட்டைக்கு அல்ல, இரத்தத்துக்கு. அடர்நிற சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

நாயுடுபுரம்
காட்டுமாட்டுக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே தெருவில் நிற்கும். சாதுவாகத் தெரிவதுதான் ஆபத்து. குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தலையைத் தாழ்த்தி, புஸ்ஸென்று மூச்சு விட்டால் அது போஸ் கொடுக்கவில்லை, எச்சரிக்கிறது. பிள்ளைகளைப் பின்னால் விட்டு, ஓடாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். அது போகப் பார்க்கும் வழியை மறிக்காதீர்கள். கன்றோடு உள்ளதும் தனிக் கடாவும் இன்னும் மோசம். தூண் பாறைப் பக்கம் குரங்கு, தின்பண்டக் கவர் சத்தம் கேட்டாலே வந்துவிடும்.

நாள் வரிசை: முதல் நாள் வந்த களைப்பில் ஏரியை மட்டும் சுற்றுங்கள். 5 கிலோமீட்டர் சமதளம், சின்னவனுக்கு 2 மணி நேரம். காலை 8-க்கு முன் போனால் குதிரையும் சைக்கிளும் இடிக்காது. அவன் எந்த இடத்தில் சோர்கிறான் என்று பார்த்துக்கொண்டால் மறுநாள் கணக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் காலை வட்டக்கானல், மாலை அம்மாவோடு கோக்கர்ஸ் வாக். ஒரு கிலோமீட்டர் நடைபாதை, டிக்கெட் உண்டு. பின்னால் வெயில், பள்ளத்தில் மூடுபனி என்று அமைந்தால் தன் நிழலே பனியில் வானவில் வளையத்தோடு தெரியும். மூன்றாம் நாள் மன்னவனூர்.

வத்தலகுண்டைவிட மேலே 11, 12 டிகிரி குறைவாக இருக்கும். உள்ளே காட்டன் பனியன் நனைந்தால் குளிர் ஏறும், ஆளுக்கு ஒரு மாற்று பனியனும் ஸ்வெட்டரும் பையில். குடையைக் காற்று மடக்கிவிடும், ரெயின்கோட்தான். மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் கட்டாயம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2024-ல் 20 ரூபாய் வரி போட்டார்கள், அதனால் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். தின்ன கடலை மிட்டாயும் அவித்த முட்டையும் போதும், சிப்ஸ் தாகத்தைக் கூட்டும். பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கு ஒரு விசில் மாட்டுங்கள். மூடுபனி இறங்கினால் நகராமல் நின்று மூன்று முறை ஊதணும் என்று ஏரிச் சுற்றிலேயே ஒருமுறை ஊதிப் பழக்கிவிடுங்கள்.