டர்ஸோ பைப் சத்தம்: ரெண்டே ஓட்டை உள்ள ரீஃப் டேங்கை ஹெர்பிக்கு மாத்தலாமா?

கடல்தொட்டி:
பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்), 120 × 50 × 50 செ.மீ. மூலையில் ஓவர்ஃப்ளோ பாக்ஸ் (மேல்மட்டத் தண்ணி வழிஞ்சு விழுற அறை), அதன் அடியில் ரெண்டு ஓட்டை. 32 மி.மீ. ஓட்டையில் டர்ஸோ (மூடியில் காத்து ஓட்டை உள்ள டிரெய்ன் பைப்) வழியா தண்ணி கீழ இருக்கிற சம்ப் தொட்டிக்கு இறங்குது, 25 மி.மீ. ஓட்டை பம்ப் தண்ணியை மேல திருப்பி அனுப்புற ரிட்டர்னுக்கு. பம்ப் மணிக்கு 3000 லிட்டர், 3 மீட்டர் ஹெட் (அதிகபட்சம் ஏத்துற உயரம்). சம்ப் 75 × 40 × 40. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை உறிஞ்சுற சத்தம் வருது, பொடிக் குமிழி ரிட்டர்ன் வழியா டேங்குக்கே திரும்பி வருது. டர்ஸோ மூடியில் இருக்கிற காத்து ஓட்டையைப் பெரிசாக்கினா சத்தம் குறையுது, ஆனா பாக்ஸில் மட்டம் ஏறுது. டிரெய்னில் பால் வால்வ் போட்டு அடக்கலாமா?

பவளத்திட்டு:
வேண்டாம் ப்ரோ. ஒரே டிரெய்ன் இருக்கிற டேங்கில் அந்த டிரெய்னில் வால்வே கூடாது. ஒரு நத்தை வந்து வால்வில் உட்கார்ந்தாலும் மொத்தத் தண்ணியும் ஹாலுக்குத்தான் வரும்.

பைப்புக்குள்ள தண்ணியும் காத்தும் சேர்ந்து இறங்குறதுதான் சத்தத்துக்குக் காரணம். சைஃபன் (பைப் முழுக்கத் தண்ணி நிறைஞ்சு இழுக்கிற ஓட்டம்) பிடிக்குது, மட்டம் இறங்கினதும் காத்தை இழுத்து உடையுது, மறுபடி பிடிக்குது. காத்தே போகாதபடி முழு சைஃபனா ஓடினா சத்தமும் குமிழியும் சேர்ந்து நிக்கும். ஹெர்பி செய்யுறது அதைத்தான்: வால்வ் வெச்சு முழு சைஃபனா ஓடுற மெயின் டிரெய்ன் ஒண்ணு, அது அடைச்சா காப்பாத்த எமர்ஜென்சி டிரெய்ன் ஒண்ணு.

ரெண்டு ஓட்டையையும் டிரெய்னாக்குங்க, ரிட்டர்னைப் பின்பக்க விளிம்புக்கு மேல கொண்டு போங்க. 25 மி.மீ. மெயின், 32 எமர்ஜென்சி. இதை மாத்திப் போட்டுடாதீங்க, மெயின் அடைச்சா முழு ஓட்டத்தையும் எமர்ஜென்சிதான் வாங்கணும். உங்க பம்ப் ஒன்றரை மீட்டர் ஏத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் தரும். 25 மி.மீ. முழு சைஃபனுக்கு அது சுலபம்.

மெயின் பைப்பின் வாய் பாக்ஸ் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழ இருக்கட்டும், சல்லடை கட்டாயம். எமர்ஜென்சி வாய் மட்டத்துக்கு 2 செ.மீ. மேல, வால்வும் சல்லடையும் இல்லாம. சம்ப்பில் மெயின் பைப் முனை 2 செ.மீ.தான் முங்கணும். ஆழமா முங்கினா பைப்பில் மாட்டின காத்து வெளியேறாது, கரன்ட் வந்ததும் சைஃபன் பிடிக்காம திணறும். எமர்ஜென்சி முனை தண்ணிக்கு மேலயே நிக்கட்டும். அதில் தண்ணி விழுற சத்தம் கேட்டா மெயினில் அடைப்புன்னு அர்த்தம்.

மெயின் பைப்பில் இருக்கிற வால்வை முழுசா திறந்து பம்பைப் போட்டு, கால் கால் சுத்தா மூடிக்கிட்டே வாங்க. மட்டம் நின்னதும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. பால் வால்வில் ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஓட்டம் தாவிடும். திருகித் திருகித் தட்டை மெதுவா இறக்குற கேட் வால்வ்தான் வேணும்.

உப்புமானி:
ஹார்டுவேர் கடையில் கேட் வால்வ் என்று கேட்டால் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பித்தளையில் தாமிரம் இருக்கிறது; உப்புநீரில் கரைந்து பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். உடல், தட்டு, தண்டு எல்லாமே யூபிவிசியாக இருக்கிற வால்வை அக்வேரியம் கடையில் கேளுங்கள். சிபிவிசி த்ரெட் ஃபிட்டிங் பலவற்றில் பித்தளை மரை உள்ளே பதிந்திருக்கும், அதையும் தவிருங்கள். பைப்பில் 'லெட் ஃப்ரீ' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

ஓட்டையில் பைப்பைப் பொருத்தும் டேங்க் நிப்பிளில் ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கிற பக்கம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே. நட்டைக் கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும். ஸ்பேனரை வைத்து முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். வால்வுக்குக் கீழே ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டால் பிறகு கழற்றிக் கழுவலாம். ஒட்டியபின் 24 மணி நேரம் காயவிட்டு, முதலில் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கசிவு பாருங்கள்.

கடல்தொட்டி:
நன்றி. கரன்ட் போனா ரிட்டர்ன் வழியா தண்ணி கீழ வராம இருக்க செக் வால்வ் (ஒரு திசையில் மட்டும் விடுற வால்வ்) போதுமா?

பவளத்திட்டு:
போதாது. உள்ளே சுண்ணாம்புப் பாசி படிஞ்சா அது முழுசா மூடாது. கணக்குப் போட்டே காப்பாத்தணும்.

உங்க டேங்கில் 1 செ.மீ.ன்னா 6 லிட்டர், சம்ப்பில் 3 லிட்டர். ரிட்டர்ன் வாய் 4 செ.மீ. ஆழத்தில் இருந்தா 24 லிட்டர் இறங்கும். பாக்ஸும் பைப்பும் சேர்த்து 30 வெச்சுக்கோங்க. சம்ப் 10 செ.மீ. ஏறும். ஓடும்போது மட்டம் 22-ல இருந்தா 32-ல நிக்கும், சரி. அதே வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தா 90 லிட்டர், சம்ப் தாங்காது. மட்டத்துக்கு 1 செ.மீ. கீழ, ரிட்டர்ன் பைப்பில் 6 மி.மீ. ஓட்டை ஒண்ணு போட்டா சைஃபன் சீக்கிரம் உடையும். ஆனா அது அடைஞ்சிருக்கும்னு நினைச்சே கணக்குப் போடுங்க.

உப்புமானி:
தலைகீழ் கணக்கையும் பாருங்கள். இரண்டு டிரெய்னும் அடைத்தால் பம்ப் தான் இருக்கும் ரிட்டர்ன் அறையை (சம்ப்பின் ஒரு பகுதி) காலி செய்து மேலே தள்ளும். அந்த அறையில் 15 லிட்டர் என்றால் டேங்க் 2.5 செ.மீ. ஏறும். அறை காலியானதைப் பார்த்து ஏடிஓ (ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கிக் கருவி) நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதன் வாளி 10 லிட்டர் என்றால் மொத்தம் 4 செ.மீ.க்குச் சற்று மேல். விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. விட்டு வையுங்கள், ஏடிஓ வாளியைப் பெரிதாக்காதீர்கள்.

மீன்களை விடுமுன் மெயின் வால்வை முழுதாக மூடிப் பம்பை ஓட்டுங்கள், எமர்ஜென்சி தாங்குகிறதா பாருங்கள். அடுத்து ஸ்விட்சை அணைத்து, சம்ப் எங்கே நிற்கிறதென்று கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். எல்லா ப்ளக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) வழியாகவே போகட்டும்.