நாஸ் கருவியில் வழக்கமாகச் சரிபார்க்க வேண்டியவை எவை?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் (இரண்டிலும் ஒரே தரவின் நகல் இருக்கும்) இணைத்த நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) ஒன்றை வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். குடும்பப் புகைப்படங்களும் நிலப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்களும் அதில்தான் உள்ளன. பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது. அதற்கு மேல் நாமாகப் பார்க்க வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. பச்சை விளக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். டிஸ்க்கின் ஒரு பகுதி கெட்டிருப்பது பெரும்பாலும் அதைப் படிக்க முயலும்போதுதான் தெரியவரும். பல ஆண்டுகளாக யாரும் திறக்காத கல்யாணப் படங்கள் இருக்கும் இடம் பழுதாகியிருந்தால் கருவிக்கே அது தெரியாது. மற்றொரு டிஸ்க் முழுவதுமாகச் செயலிழந்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுக்கும் வேளையில் அந்தப் பழுது வெளிப்பட்டால், சரியான நகலை எடுக்க வேறு இடம் இருக்காது. ஆகவே மாதம் ஒரு முறை ஸ்க்ரப் (டிஸ்க்குகளில் உள்ள தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருப்பதால் எந்த நகல் சரியானது என்று கண்டறிந்து மற்றதை அதுவே திருத்திவிடும். இஎக்ஸ்டி4 கோப்பு முறை என்றால் இரு நகல்களும் ஒத்துப்போகவில்லை என்பதை அறியலாமே தவிர, எது சரி என்று அறிய வழியில்லை.

மறுமொழி 2:
அதனுடன் ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் கணக்கு) பாருங்கள். 5 (கெட்டதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை), 198 (திருத்த முடியாதவை) ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு (raw value) பூஜ்ஜியமாக இருப்பது நல்லது. 199 (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிடக் கேபிளையோ, டிஸ்க் செருகும் இடத்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்மார்ட்டில் உள்ள நீண்ட சோதனைக்கு (டிஸ்க் முழுவதையும் தானே படித்துப் பார்ப்பது) 4 டிபி டிஸ்க் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஸ்க்ரப் ஓடும் இரவில் அதை வைக்காதீர்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறதா என்றும் சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றியபின் அது சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாவது டிஸ்க்கில் 197-க்கு எதிரே 8 என்று காட்டுகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
பதற்றம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். 4096 பைட் கொண்ட ஒரே செக்டாரை 512 பைட் கணக்கில் எண்ணும் டிஸ்க்குகளில் அது 8 என்று தெரியும், ஆகவே பழுது ஒரே செக்டாரில் மட்டும் இருக்கலாம். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரு டிஸ்க்குகளிலும் ஒருசேர அழிந்துவிடும். எனவே முதலில் புகைப்படங்களையும் பத்திரங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அதன் பிறகு ஸ்க்ரப்பை ஓட்டுங்கள். 197 பூஜ்ஜியமாகி 5-உம் ஏறாமல் இருந்தால் சில வாரங்கள் கவனித்தால் போதும். 5 தொடர்ந்து ஏறினால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.